கடைச் சுவரில் ஒரு பிரதமர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் பலசரக்குக் கடைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தால், கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள் இருந்தன. முதலாவது பிள்ளையார். அடுத்தது இலட்சுமி. மூன்றாவது பிரித்தானியப் பிரதமர். பிள்ளையாருக்கும் இலட்சுமிக்கும் காலையில் நான் பூ வைப்பேன். மூன்றாவது ஆளுக்கு ஒரு நாளும் தூசுகூடத் தட்டியதில்லை. அவர் என் கணவரின் பொறுப்பு.

புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் சிரிக்காமல் குரலைத் தணித்துக்கொள்வார்கள். இவன் ஏதோ கட்சிக்காரன், கவுன்சிலுக்குத் தகவல் கொடுக்கிறவன் என்று பஸ் பிடித்து வரவேண்டிய குட்மேய்ஸ் வரைக்கும் கதை போயிருந்தது. கதை கட்டினவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர் என் புருசனாக இல்லாவிட்டால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை ஒளித்துப் பயனில்லை. யாராவது தேவைக்கு மேல் சிரித்தால் இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். வீட்டுக் கதவைத் தட்டினால் மாடி யன்னலால் எட்டிப் பார்த்த பிறகுதான் கீழே இறங்குவேன். அரசாங்கம் ஏதாவது நல்லது செய்யப்போவதாக அறிவித்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்காது. என் கணவர் நேர்மாறு. அவருக்கு அரசாங்கத்தின்மேல் பயம். பயத்தில் கும்பிட்டுக் கும்பிட்டு, கடைசியில் அந்தப் பயத்துக்கே நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்ட மனிதர்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

ஊரில் எங்களுக்குச் சந்தியில் ஒரு சின்னக் கடை இருந்தது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பாண், பயறு. அந்தச் சந்தியில் எல்லாக் கடைகளிலும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஜனாதிபதியின் படம் தொங்கும். யாரும் சட்டம் போடவில்லை. சீருடையும் துவக்குமாக உள்ளே வருகிறவர்கள் முதலில் சாமான் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான். ஜனாதிபதி மாறினால் படமும் மாறும். சட்டகம் அதேதான். ஆணியும் அதேதான்.

ஒரு தேர்தலில் பழையவர் தோற்கப் போகிறார் என்று வானொலியும் சொன்னது, சந்தியும் சொன்னது. என் கணவர் அப்போது இளந்தாரி, துடிப்பு. எல்லோருக்கும் முந்தவேண்டும் என்று வாக்கு எண்ணி முடிய முன்னமே பழைய படத்தைக் கழற்றிவிட்டார். புதியவரின் படம் இன்னும் கைக்கு வரவில்லை. அன்று மத்தியானம் சீருடைக்காரர் வந்தார்கள். வெறும் ஆணியைப் பார்த்தார்கள். படம் எங்கே என்று கேட்டார்கள்.

"கண்ணாடி உடைஞ்சு போச்சுது," என்றார் இவர்.

அப்படியென்றால் உடைந்த கண்ணாடியைக் காட்டு என்றார்கள். காட்ட இல்லை. கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. இன்றைக்கும் யாராவது பேசினால் வலது பக்கத்தைத் திருப்பித்தான் கேட்பார். இதில் பெரிய பகிடி என்னவென்றால், முடிவு வந்தபோது பழைய ஜனாதிபதியே திரும்பவும் வென்றிருந்தார். சந்தி முழுவதும் அவருடைய படம் அப்படியே தொங்கியது. எங்கள் கடையில் மட்டும் திரும்ப மாட்டவேண்டி வந்தது. நான்தான் மாட்டினேன், அவருக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

அன்றைக்கு அவர் படித்த பாடம் வேறு, நான் படித்த பாடம் வேறு. மேலே இருக்கிற எவனையும் நம்பக்கூடாது என்று நான் படித்தேன். மேலே இருக்கிறவனை அவன் போகிறதுக்கு முன் கழற்றக்கூடாது என்று அவர் படித்தார்.

பிறகு லண்டன். அவர் பெற்றோல் நிலையத்தில் நின்றார், நான் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்தேன். ஒரு காலம் வர ஈஸ்ட் ஹாமில் இந்தக் கடையை எடுத்தோம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் அவர் ஒரு சட்டகத்தோடு வந்து இறங்கினார். பேப்பரில் வெட்டிய பிரதமர், கண்ணாடிக்குள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றேன். "இஞ்சை ஆரும் உப்பிடிப் படம் மாட்டுறவையே? பக்கத்துக் கடையளைப் போய்ப் பாருங்கோ."

"மாட்டாட்டிச் சிலவேளை பிழை வரலாம். மாட்டினா ஒரு பிழையும் இல்லைத்தானே," என்றார்.

சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்தார். ஆணி அடிபட்டது.

கடை திறந்து சில வாரத்தில் கவுன்சிலில் இருந்து சுகாதாரம் பார்க்கிறவர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், கழுத்தில் அட்டை. குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தார், அரிசிமூட்டைகளுக்குப் பின்னால் டோர்ச் அடித்தார், கை கழுவும் இடத்தைப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "உங்கள் சொந்தக்காரரோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். வாசல் கண்ணாடியில் ஒட்டுவதற்கு, சுத்தத்துக்கான நல்ல இலக்கத்தோடு பச்சை ஸ்ரிக்கர் வந்தது.

"பார்த்தீரே?" என்றார் இவர், படத்தைக் காட்டி.

"விடியக் காலமை எழும்பி நிலம் உரஞ்சினது நான்," என்றேன். "சுவரிலை இருக்கிறவர் ஒரு மூலையும் துடைக்கேல்லை."

காதில் விழவில்லை. இடது காதுப் பக்கம் நின்று சொல்லிவிட்டேனோ என்னவோ. அன்றிலிருந்து அந்தப் படம் எங்கள் கடையைக் காக்கிறது என்று முடிவாகிவிட்டது. பிரதமர் மாற மாற இவரும் மாற்றினார். ஆனால் ஒரு நாளும் முந்தவில்லை. பழையவர் பிரதமர் வீட்டு வாசலில் நின்று போகிறேன் என்று சொல்லி, புதியவர் அதே வாசலில் நின்று வந்துவிட்டேன் என்று சொல்வதைத் தொலைக்காட்சியில் இரண்டு கண்ணாலும் பார்த்த பிறகுதான் ஏணியில் ஏறுவார். இடையில் பிரதமராக ஒரு அம்மா வந்தார், அவரும் சுவரில் ஏறினார். எந்தக் கட்சி என்று இவருக்கு அக்கறை இல்லை. வாக்குப் போடவும் போகமாட்டார். வாக்குப் போட்டால் எந்தப் பக்கம் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களாம். படம் மாட்டினால் எல்லாப் பக்கமும் நிற்கலாமாம்.

இந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். குட்மேய்ஸில் இருந்து பஸ் பிடித்து வருவார். ஊரில் பெண்கள் பாடசாலையில் குடியியல் படிப்பித்தவர். ஈஸ்ட் ஹாமில் எல்லோரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கெட்டைக் கண்ணோடு ஒட்டவைத்துக் காலாவதித் திகதி பார்ப்பார். தராசைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று. என்னைப்போல இன்னொரு பிறவி இந்த நகரத்தில் இருக்கிறதே என்று ஆறுதல்.

"நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட அரசியலமைப்புப் படிப்பிச்சனான், பிள்ளை," என்று ஒரு முறை படத்தைப் பார்த்துச் சொன்னார். "அதாலைதான் ஒருத்தரையும் நம்புறேல்லை."

"அது அங்கத்தையான் அரசியலமைப்பு ரீச்சர்," என்றார் என் கணவர். "இஞ்சை வேறை. இஞ்சை எழுதியே வைக்கேல்லையாம். எழுதாமலே நடக்கினம் எண்டால் பாருங்கோவன்."

ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய கணவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதிகம் பேசாத மனிதர். ரீச்சர் திகதி பார்த்து முடிக்கும்வரை வாசலில் நின்று பஸ் வருகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

பிறகு உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிய அந்தத் தொற்றுநோய் வந்தது. கடைவாசலில் மேசையைக் குறுக்கே போட்டு, ஆட்களை வெளியே வரிசையில் நிறுத்தி, கேட்டதை எடுத்துக் கொடுத்தோம். என் கணவர் விதிகளை அரசாங்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்தார். வீதியில் மஞ்சள் நாடா ஒட்டி, இதற்குள் நில், இதற்குள் வராதே என்று பெரியவர்களைக்கூட அதட்டினார். பின்னேரம் பிரதமர் தொலைக்காட்சியில் பேசும்போது கடையில் சத்தம் போடக்கூடாது. அப்போது பதவியில் இருந்தவர் அந்த அம்மாவுக்குப் பிறகு வந்தவர், சுவரிலும் அவர்தான். இவர் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். தேவாரம் கேட்கும்போதுகூட அவர் அப்படி நிற்பதில்லை.

ரீச்சரின் கணவரை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ரீச்சரை ஏற்றவில்லை. ஆஸ்பத்திரிக்கும் விடவில்லை. ஒரு தாதி தொலைபேசியைப் பிடிக்க, அதில் முகத்தைப் பார்த்தார். அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ரீச்சர் அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை.

செத்தவீட்டுச் சடங்குக்கு முன் ரீச்சர் கடைக்கு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம், நாடாவுக்கு உள்ளே, முகக்கவசத்தோடு நின்றார். "பச்சரிசி கொஞ்சம் வேணும் பிள்ளை. வாய்க்கரிசிக்கு," என்றார்.

செத்தவரின் வாயில் மனைவி, பிள்ளைகள், சொந்தக்காரர் என்று ஒவ்வொருவராக ஒரு பிடி அரிசி போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அதுதான் கடைசிச் சாப்பாடு. அது கொடுத்தாயிற்று என்றால் கொடுக்கவேண்டியது எல்லாம் கொடுத்தாயிற்று, இனி அவர் வீட்டு ஆள் இல்லை. நல்ல பச்சரிசியாகப் பார்த்துச் சின்னப் பையில் போட்டுக் கட்டினேன். ஆனால் ரீச்சர் போகவில்லை. என் கணவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். பெட்டியைத் திறக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். ஆனா செத்தவீட்டு அலுவல் பாக்கிற பெடியன் ஒருத்தன் மகனுக்குத் தெரிஞ்சவன். ஆரும் பாக்காத நேரம் ஒரு நிமிசம் மூடியைத் தூக்கிவிடுறன் எண்டுறான். மகன் ஓம் எண்டு சொல்லு எண்டுறான். எனக்குத்தான் மனம் ஓடேல்லை. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

ஒருத்தரையும் நம்பாத ரீச்சர் என் கணவரிடம் வந்து கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சைக் குடைகிறது.

"போடுங்கோ ரீச்சர்," என்று நான் முந்திக்கொண்டேன். "ஒரு பிடி அரிசியாலை ஆருக்கு என்ன வரப்போகுது?"

அவர் என்னை முறைத்தார். பிறகு ரீச்சரின் பக்கம் வலது காதைத் திருப்பி மெதுவாகப் பேசினார்.

"வேண்டாம் ரீச்சர். இது எங்கட நாடில்லை. அங்கை சட்டம் எங்களுக்கு மட்டும்தான். இஞ்சை எல்லாருக்கும் ஒண்டு." கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். "அவருக்கும் இதே சட்டம்தான். அவரும் வீட்டுக்குள்ளைதான் இருக்கிறார். நாங்கள் களவாத் திறந்தம் எண்டால், நாளைக்கு எங்கட சனத்தைத்தான் பேசுவினம். நம்பி நில்லுங்கோ ரீச்சர்."

ரீச்சர் படத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு அரிசிப் பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பெட்டி திறக்கவில்லை. ரீச்சர் தொலைபேசியில் சொன்னார்: "நீங்கள் சொன்னபடி சட்டத்தை மீறேல்லை, தம்பி. அரிசி என்ரை பையிக்குள்ளைதான் கிடக்கு." என் கணவர் அதைப் பெருமையாகத்தான் கேட்டார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ரீச்சரை உதாரணம் காட்டினார். படித்த மனுசி, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுசி என்று. எனக்கு அவர் வாயைப் பொத்தவேண்டும்போல இருந்தது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். நாங்கள் செத்தவர்களை மூடிய பெட்டியோடு அனுப்பிய காலத்தில், சட்டம் போட்ட பிரதமரின் வீட்டிலேயே அவரும் அவருடைய ஆட்களும் கூடியிருந்திருக்கிறார்கள், குடித்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். ஒரு படம் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. இல்லை என்றார்கள். பிறகு இருந்தது, ஆனால் அது விருந்தில்லை, வேலை என்றார்கள். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கோபம் வந்தது. என் சந்தேகம் சரி என்றானதில் ஒரு துளி சந்தோசமும் வந்தது, அந்தச் சந்தோசத்தை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

என் கணவர் நம்பவில்லை. முதலில் எதிர்க்கட்சி கட்டிய கதை என்றார். பிறகு படத்தை யாரோ கம்பியூட்டரில் செய்திருக்கிறார்கள் என்றார். பிறகு மூட்டைகளை இடம் மாற்றத் தொடங்கினார். ஒரு காரணமும் இல்லாமல் பருப்பு மூட்டை அரிசி மூட்டை இருந்த இடத்துக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது.

"கழட்டுங்கோ," என்றேன்.

"அவர் இன்னும் போகேல்லை."

"போகாட்டி என்ன? உந்த மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நான் எப்படிச் சாமான் நிறுக்கிறது?"

"போகட்டும். போனாப் பிறகு கழட்டுறன்," என்றார். சொல்லும்போது அவர் கை தன்பாட்டில் இடது காதுக்குப் போனது. அதைப் பார்த்த பிறகு நான் தராசுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். ரீச்சர் வந்துவிடக் கூடாது. அவர் கண்ணில் இந்தப் படம் படக்கூடாது. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

ஒரு பின்னேரம் வந்தார். செத்தவீட்டுக்குப் பிறகு கடைக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. மெலிந்திருந்தார். திகதி பார்க்கவில்லை, தராசைப் பார்க்கவில்லை. கல்லாவுக்கு நேரே நடந்து வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கோ ரீச்சர்," என்றார் என் கணவர்.

"தம்பி, அந்த ஏணியை ஒருக்கால் எடுங்கோ."

கல்லாவுக்கு மேலே, படங்களின் கீழே ஒரு தட்டில் நெய்யும் தேனும் அடுக்கியிருப்போம். நெய் கேட்கிறார் என்று இவர் நினைத்துவிட்டார். நான் எடுத்துத் தருகிறேன் என்றார். ரீச்சர் வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்று படி ஏணிதான், ஆனாலும் வயதான மனுசி. இவர் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். ரீச்சர் ஒவ்வொரு படியாக ஏறி, நெய்ப் போத்தல்களைத் தாண்டி, பிரதமரின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். கைப்பையைத் திறந்தார்.

நான் கட்டிக் கொடுத்த அதே பை. என் முடிச்சு அவிழ்க்காமலே இருந்தது.

பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒரு பிடி அள்ளினார். செத்தவீட்டில் போடுகிறது மாதிரியே, உள்ளங்கையைக் கவிழ்த்து, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வாயில் போட்டார். கண்ணாடியில் பட்ட அரிசி அத்தனையும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவரின் தலையில் கொட்டியது. ரீச்சர் இன்னொரு பிடி போட்டார். பை வெறுமையாகும்வரை போட்டார். திட்டவில்லை, அழவுமில்லை. கடையில் நின்ற இரண்டு பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

இவர் ஏணியை விடவில்லை. தலைமயிரிலும் தோளிலும் அரிசி. ரீச்சர் பத்திரமாக இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கிய பிறகு கேட்டார்:

"நான் சொன்னதைக் கேட்டுத்தானே ரீச்சர், நீங்கள் பெட்டியைத் திறக்காமல் விட்டனீங்கள்?"

ரீச்சர் அவரைப் பார்த்தார். இல்லை தம்பி, அது உங்கள் பிழையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நான் அந்த இடத்திலேயே பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

"ஓம்," என்றார் ரீச்சர். வெறும் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு இவர் கடையை வெள்ளன, வழக்கமான நேரத்துக்கு முன்பே, பூட்டினார். நிலத்தில் கிடந்த அரிசியைத் தும்புத்தடியால் கூட்ட என்னை விடவில்லை. குந்தியிருந்து கையால் பொறுக்கினார். நான் பின்னால் போய் அவர் தலையில் சிக்கியிருந்த அரிசியை எடுத்துவிட்டேன். அப்போது அழுதார். ஊரில் காது போய் வந்தபோதுகூட அவர் அழுததை நான் பார்க்கவில்லை. பிறகு தானே ஏறிப் படத்தைக் கழற்றினார். பிரதமர் இன்னும் பதவியில் இருந்தார். நான் நினைவுபடுத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிரதமர் கதிரைக்கு ஆட்கள் வந்த வேகத்தையும் போன வேகத்தையும் பார்த்தால், இவர் பழைய வழக்கத்தை விட்டது ஒரு வகையில் நல்லதுதான். இல்லாவிட்டால் ஏணியிலேயே குடியிருந்திருக்கவேண்டும். ஆனால் படம் போனதே தவிர, ஆணி போகவில்லை. பிள்ளையார், இலட்சுமி, பக்கத்தில் ஒரு வெறும் ஆணி. என்னத்துக்கு என்று கேட்டால் "கிடக்கட்டும்" என்பார். ரீச்சர் வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டோம். இவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் கேட்பார், ரீச்சர் கோல் எடுத்தவவே என்று. இல்லை என்பேன். அந்த மனுசி திரும்பவும் எங்கள் கடைப் படி ஏறவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இருந்ததாகத் தெரியவில்லை.

கவுன்சிலில் இருந்து சுகாதாரம் பார்க்க ஆள் வந்தது. இந்த முறை இளம்பெண். குளிர்பெட்டி, டோர்ச், கை கழுவும் இடம். என் கணவர் அவள் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பி, அந்த ஆணிக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டே இருந்தார். ஆணி அவர் தலைக்கு மேலே இருக்கிறது, இவர் முதுகால் எதை மறைக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கே பிரதமரின் படம் இருக்கும் என்று முன்பு வந்தவர் சொன்னாரே? அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். எங்கே அது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பார்த்தீர்களா, பேசியிருக்கிறார்கள். எங்கள் சுவரைப் பற்றி அங்கே பேசியிருக்கிறார்கள். என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே, "கண்ணாடி உடைந்துவிட்டது," என்றேன்.

சொல்லி வாய் மூட முன், அன்றைக்கு ஊரில் இவர் சொன்ன அதே பொய் என்று எனக்கே உறைத்தது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் போய், தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்.

"இல்லை மேடம். கண்ணாடி உடையவில்லை. ஒரு அம்மா அவருக்கு வாயில் அரிசி போட்டுவிட்டார். எங்கள் ஆட்களில் அது போட்டால் பிறகு வீட்டில் வைத்திருக்கமாட்டோம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஓ," என்றாள். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தாள். எதையோ எழுதினாள். அவள் போன பிறகு நான் வாசலுக்குப் போய், வீதி முனை திரும்பும்வரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்காவது கோல் எடுக்கிறாளா என்று. எடுக்கவில்லை. ஸ்ரிக்கர் வழமைபோல வந்தது.

சீருடையோ அட்டையோ போட்ட ஒரு ஆளுக்கு முன்னால் என் கணவர் வாய்திறந்து உள்ளதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. யார் மூலம் போனதோ தெரியாது, அந்தக் கதை குட்மேய்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்தான் அதற்கென்றே இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ரீச்சர் வந்தார். திவசத்துக்குச் சாமான் வாங்க. கூடையை எடுத்தார், பயறுப் பக்கெட்டைக் கண்ணோடு ஒட்டவைத்துத் திகதி பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. கல்லாவுக்கு வந்து நிமிர்ந்தார்.

"படம் இல்லை?"

"இல்லை ரீச்சர்," என்றார் இவர்.

"இனி ஆரை மாட்டப் போறீங்கள்?"

"ஒருத்தரையும் மாட்டமாட்டன்."

"அப்ப என்னத்துக்கு ஆணி?"

இவர் ஆணியைப் பார்த்தார். ரீச்சர் கூடையைக் கல்லாவில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கால் உங்களை நம்பினனான் தம்பி. ஆணி இருக்குமட்டும் இன்னொருக்கால் நம்பமாட்டன்."

பின்னுக்கு வரிசையில் ஆட்கள் நின்றார்கள். இவர் பின்னறைக்குப் போய்ச் சுத்தியலோடு வந்தார். ஏணியைப் போட்டார். இந்த முறை ரீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆணி இலேசில் வரவில்லை. எத்தனை பேரைத் தாங்கிய ஆணி. சுத்தியல் இரண்டு தடவை வழுகியது. மூன்றாம் முறை சுண்ணாம்புக் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சுவரில் ஓட்டை விழுந்தது.

இறங்கி வந்து ஆணியைக் கல்லாவில் வைத்தார். ரீச்சர் அதை எடுத்து ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். தன் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"அதை என்னத்துக்கு ரீச்சர் கொண்டுபோறியள்?" என்று கேட்டேன்.

"இஞ்சை விட்டால் இந்த மனுசன் திரும்ப அடிச்சுப்போடுவார், பிள்ளை," என்றார். பிறகு என் கணவரின் வலது பக்கமாக வந்து நின்று, "ஒரு கிலோ பச்சரிசி தாங்கோ தம்பி. நல்லதாப் பாத்துத் தாங்கோ," என்றார்.